வேலைக்குப் பெண் கேட்கப் போனவர்

“படிச்சு முடிச்சிட்ட. இனி என்ன செய்யப் போற?”

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கோடையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டவர்களும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார். அவர் சண்முகவள்ளி, திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருக்காரர். அவர் கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஊரில் யாரும் சண்முகவள்ளியைப் பெரிய மனுஷி என்று சொல்வதில்லை. திண்டுக்கல்லில் கூட்டுறவுத் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. காலையில் தூக்குவாளியில் தயிர்சோற்றை எடுத்துக்கொண்டு குடையோடு போவார். சாயங்காலம் குடையும் காலி வாளியுமாகத் திரும்புவார். கூட இருப்பவர் தாயார் சிவனம்மாள் ஒருவர்தான். தகப்பனாரும் அண்ணனும் சின்னாளபட்டியில் இருக்கிறார்கள், அங்கே அவர்களுக்குத் தறி இருக்கிறது. கல்யாணமாகாத பெண் தனியாகக் குடியிருக்கக் கூடாது என்று தாயாரைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்த வேலைக்கு வருமுன்பே அவருக்கு ஒரு வேலை கிடைத்து, கிடைத்த அன்றே கைநழுவிப் போனது. அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து பி.எஸ்ஸி. தேறியிருந்தார். அவர் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர்தான். ஐம்பத்தாறாம் வருஷம் மதுரையில் ஒரு கம்பெனியில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். கேட்ட கணக்குகளை எல்லாம் போட்டார். அதிகாரி நல்ல மனிதர். பேப்பரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

“வர்ற திங்கக்கிழமையில இருந்து வர முடியுமாம்மா?”

சரி என்று சொல்லத்தான் சண்முகவள்ளிக்கு ஆசை. ஆனால் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க.”

நம் பக்கத்தில் இது மறுப்பு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால், பசி காதை அடைத்தாலும், “இப்பத்தான் சாப்ட்டேன்” என்போம். உட்காரச் சொன்னால் “இருக்கட்டும்” என்போம். மறுபடி சொன்னால் உட்காருவோம். முதல் தடவையே சரி என்று சொன்னால் அலைகிறவள் என்று பெயர் வந்துவிடும். சின்னாளபட்டியில் அப்படித்தான் வளர்ந்திருந்தார். அதிகாரி இன்னொரு தடவை கேட்பார் என்று நின்றார். அவர் “சரிம்மா” என்று தலையசைத்துவிட்டு மணியடித்து அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

வீட்டில் தகப்பனார் நாச்சிமுத்து கேட்டார்: “நீ என்ன சொன்ன?”

“உங்களக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்.”

“நல்ல பிள்ள” என்றார் அவர். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அதிகாரிக்கே சங்கடமாகிவிட்டது. “உங்க பொண்ணுக்கு இஷ்டம் இல்லைன்னு நெனச்சிட்டேனே” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. சின்னாளபட்டியில் இறங்கி நடக்கும்போதுதான் சொன்னார்.

“நீ சரின்னு சொல்லிட்டு வந்திருந்தா, நான் என்னாத்தா வையவா போறேன்?”

அதற்குப் பிறகு சண்முகவள்ளி வெகுகாலம் வீட்டில்தான் இருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருப்பதும், அங்கே பெயரைப் பதிந்து வைக்க வேண்டும் என்பதும், அரசாங்க வேலைக்குத் தனிப் பரீட்சை உண்டு என்பதும் ஒவ்வொன்றாக, தாமதமாகத்தான் தெரிய வந்தன. கல்லூரியில் படித்த வருஷங்களில் இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பரீட்சை எழுதித் தேறி திண்டுக்கல்லுக்கு வேலைக்கு வந்தார்.

கல்லூரியில் வருஷத்துக்கு ஒருமுறை பழைய மாணவியர் கூட்டம் நடக்கும். இறைவணக்கம், வரவேற்பு, முதல்வர் அம்மாள் பேச்சு, அப்புறம் கேசரியும் காப்பியும். யாருக்கு எத்தனை குழந்தை, யார் புருஷனுக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்று பேசிவிட்டுப் பிரிந்துவிடுவார்கள். அறுபத்தொன்றில் நடந்த கூட்டத்துக்குச் சண்முகவள்ளியும் போயிருந்தார். படிக்கிற பெண்கள் சிலரைப் பரிமாற நிறுத்தியிருந்தார்கள். காப்பித் தட்டோடு வந்த ஒல்லியான ஒரு பெண் அவர் முன்னால் வந்ததும் நகராமல் நின்றாள்.

“அக்கா, நீங்க ஆபீஸ்ல வேல பாக்குறீங்களாமே?”

“ஆமா.”

“டீச்சர் வேல இல்லையா?”

“இல்ல. எழுத்தர்.”

“அது எப்பிடிக்கா கெடச்சுச்சு? யாரப் போயிப் பாக்கணும்?”

பெயர் செல்லக்கிளி, கன்னிவாடிக்காரி. ரசாயனம் எடுத்து மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளி சொல்லத் தொடங்கினார். காப்பி ஆறிப்போனது. தட்டைப் பிடித்தபடி அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். இன்னும் சில பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். “அங்க ஒருத்தருக்கும் காப்பி போகல, இங்க என்ன கூட்டம்?” என்று விடுதிக் காப்பாளர் வந்து அதட்டியபோதுதான் கலைந்தார்கள்.

பழைய மாணவியர் சங்கத்துச் செயலாளரிடம் சண்முகவள்ளி போய்க் கேட்டார். கடைசி வருஷப் பெண்களோடு நம்மில் வேலைக்குப் போகிற சிலர் உட்கார்ந்து பேசினால் என்ன? செயலாளர் அம்மாள் ஒரு டாக்டரின் மனைவி. நல்லவிதமாகவே பேசினார்.

“நம்ம பிள்ளைங்களுக்கு டீச்சர் வேலதான் ஏத்தது. அதுக்கு யோசனை எதுக்கு?”

“சரிங்க” என்றார் சண்முகவள்ளி. வெளியே வந்து செல்லக்கிளியைத் தேடிப் பிடித்தார்.

“லீவுல ஊருக்கு வருவீல்ல? திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைக எத்தன பேரு இருக்கீங்க? ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வாங்க.”

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. லீவு நாட்களில் ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். சண்முகவள்ளியோடு படித்த செபாஸ்தியம்மாள் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அவரும் வந்துவிடுவார். எந்த வேலைக்கு எந்தப் படிப்பு, எங்கே மனுப் போடுவது, பேட்டியில் என்ன கேட்பார்கள் என்பதையெல்லாம் சொன்னார்கள். வேலையில் உள்ள கஷ்டத்தையும் மறைக்கவில்லை.

“பொழுதன்னைக்கும் நிக்கணும்” என்பார் செபாஸ்தியம்மாள். “கால் வீங்கும். மருந்து நாத்தம் சோத்துலயும் வரும். மொத வருஷம் அங்க இருக்கிற ஆம்பளைக ஒருத்தரும் முகங்குடுத்துப் பேச மாட்டாங்க. ரெண்டாம் வருஷம் சந்தேகம் கேட்டு வருவாங்க.”

அதன்பின் பேட்டி நாடகம். சிவனம்மாளின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு செபாஸ்தியம்மாள் அதிகாரியாக உட்காருவார். ஒவ்வொரு பெண்ணாக உள்ளே வர வேண்டும்.

“உக்காரும்மா.”

“இருக்கட்டும் சார்.”

“அப்ப நின்னுக்கிட்டே இரு. அடுத்த ஆளு வா.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்து வருகிறவளும் “பரவால்ல சார்” என்பாள். நாற்காலியில் உட்கார வைப்பதற்கே இரண்டு ஞாயிறு ஆனது. அப்புறம் காப்பி. முதல் தடவை நீட்டும்போதே வாங்க வேண்டும் என்பது சண்முகவள்ளி போட்ட சட்டம். இது சிவனம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு தடவ சொன்ன ஒடனே கைநீட்டி வாங்குதுக. காப்பித்தூளு என்ன தெருவுலயா கெடக்குது? பெத்தவுக கேட்டா என்னையத்தான் வைவாக.”

கடைசியாக அதிகாரி கேட்பார்: “திங்கக்கிழமையில இருந்து வர முடியுமா?”

“வாரேன் சார்” என்று சொல்ல வேண்டும். “வீட்ல கேட்டுட்டு” என்று ஆரம்பித்தால் சண்முகவள்ளி கையைத் தட்டி நிறுத்திவிடுவார். மதுரைக் கம்பெனிக் கதையை மட்டும் அவர் அந்தப் பெண்களிடம் சொன்னதில்லை.

செல்லக்கிளி ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அவளுக்குப் பரிசோதனைக் கூடம் என்றால் உயிர். கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விடும்போது, ஒரு சொட்டில் நிறம் சட்டென்று மாறுமாம். அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். “வீட்ல இருந்தா அத இனிமே பாக்கவே முடியாதுல்லக்கா” என்று ஒருநாள் கேட்டாள். அவள் வீட்டில், பரீட்சை முடிந்ததும் கூட்டி வந்து வைத்துக்கொண்டு, தை மாதம் மாப்பிள்ளை பார்ப்பதாகப் பேச்சு இருந்தது.

அறுபத்திரண்டு ஜூனில் முதல் வகுப்பில் தேறினாள். கோயம்புத்தூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலைக்குப் பேட்டி வந்தது. தமையன் துணைக்குப் போனான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். “ஆகஸ்டு முதல் தேதி சேர முடியுமா?” என்றார்கள். “சேர்றேன் சார்” என்றாள். அங்கேயே உத்தரவு கொடுத்துவிட்டார்கள்.

கன்னிவாடி வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

தகப்பனார் ஆண்டிச்சாமி கத்துகிற ஆளில்லை. கத்தரியும் வெங்காயமும் போட்டு, கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர். மகளைக் கல்லூரிக்கு அனுப்பியதற்கு ஊரார் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலயில்ல.” அதற்கப்புறம் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போக வேண்டாம் என்பது தாயார் கருப்பம்மாள் வழியாக வந்தது.

செய்தி திண்டுக்கல்லுக்கு வந்ததும் சண்முகவள்ளிக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. கேட்காமல் சரி சொல்லச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். வேலையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கு வேலையும் போய், அப்பாவின் பேச்சும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கன்னிவாடி பஸ் ஏறினார். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். ஆண்டிச்சாமி தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, கயிற்றுக் கட்டிலை நிழலில் இழுத்துப் போட்டார்.

“எளநி குடிங்க தாயி.”

சண்முகவள்ளி கைநீட்டி வாங்கிக் குடித்தார். ஆண்டிச்சாமி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“செல்லக்கிளி விசயமா வந்தேங்கய்யா. நல்ல வேல. அரசாங்க வேல. நீங்க அனுப்பணும்.”

“நீங்க படிச்சவுக. உங்களுக்குத் தெரியாததா. ஆனா எங்களுக்கு அது சரிப்படாதுங்க தாயி. விட்ருங்க.”

அவ்வளவு தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் சண்முகவள்ளியை அடித்துப்போட்டது. கோபப்பட்டிருந்தால் வாதாடியிருப்பார். ஒத்திகை பார்த்து வைத்ததில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. ஏற்கனவே ஒரு தடவை இந்த வீட்டில் மூக்கை நுழைத்தாயிற்று, இன்னும் நுழைக்கலாமா என்ற கூச்சம் வேறு.

“உங்க பொண்ணு, உங்க விருப்பம்ங்கய்யா. தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்று எழுந்துவிட்டார்.

“பஸ்ஸுக்கு நேரங் கெடக்கே” என்றார் ஆண்டிச்சாமி.

“இருக்கட்டுங்க.”

“வெயில் தாழப் போகலாமே. சோறு வெந்துருச்சு.”

“இல்லங்கய்யா, வாரேன்.”

கதவுப் பக்கம் நின்ற செல்லக்கிளியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றார்.

செபாஸ்தியம்மாளிடம் சொன்னபோது, “அப்ப அந்தப் பிள்ளய எழுதிப்போடச் சொல்லு, வரலேன்னு. காத்திருக்கிற இன்னொரு பிள்ளைக்காச்சும் கெடைக்கட்டும்” என்றார். நியாயம்தான். நாளைக்குச் சொல்லி அனுப்பலாம், நாளைக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நாலைந்து நாள் தள்ளிப் போட்டார்.

அந்த வாரம் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்த கருப்பம்மாள், கூடை காலியானதும் சண்முகவள்ளி வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வரச் சொல்லி, உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தால், “வேணாம்த்தா, இப்பத்தான் குடிச்சேன்” என்றார். சிவனம்மாள் விடுவாரா? “வெயில்ல வந்திருக்கீக, செத்த நேரம் உக்காந்து ஒரு வாய் குடிங்க” என்று கையில் திணித்தார். குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத்தான் கருப்பம்மாள் பேசினார்.

“ஏன்த்தா, நீ எங்க வீட்டுக்கு எதுக்கு வந்த?”

சண்முகவள்ளி திகைத்தார். “அய்யாவக் கேட்டுப் பாக்கத்தான் வந்தேன். அவுக வேணாம்னுட்டாகளே.”

“ஒரு தடவ கேட்ட. அவுக வேணாம்னாக. ஒடனே எந்திரிச்சுப் போயிட்ட. அதுக்குப் பேரு கேக்குறதா?”

“இல்லம்மா, அவுக சரிப்படாதுன்னு...”

“வேற என்ன சொல்லுவாக? வந்து கேட்ட ஒடனே கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றதுக்கு அது என்ன வீட்டுல மீந்து கெடந்த பண்டமா? வயசுப் பிள்ள. ஒனக்குப் பொண்ணு கேட்டு வந்தா ஒங்க அப்பா மொத நாளே தலையாட்டுவாரா? வேணாம்பாக. அப்புறம் சோறு போடுவாக. பேச்சு நடக்கும். இன்னொரு ஞாயித்துக்கெழம வருவாக. அப்பிடித்தான நம்ம பக்கத்துல?”

சிவனம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நூறு வசவு இருந்தது.

கருப்பம்மாள் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு மூணு நாளா பஸ் சத்தம் கேட்டா அந்த மனுசன் தோட்டத்துல இருந்து ரோட்டப் பாக்குறார். கேட்டா, காக்கா வெரட்டுறேங்கிறார். நீ வந்து கேக்காம அவரா எப்பிடித்தா எறங்கி வருவார்?”

சண்முகவள்ளி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பெண்களை உட்கார வைத்து, பழக்கத்தை விடு, பழக்கத்தை விடு என்று சொல்லிச் சொல்லி, அவருக்கே அது மறந்து போயிருந்தது. மதுரையில் அந்த அதிகாரி அவர் வார்த்தையை எப்படி எடுத்துக்கொண்டாரோ, அதேபோல ஆண்டிச்சாமியின் வார்த்தையை இவர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு முறையாகப் போனார்கள். செபாஸ்தியம்மாளும் வருகிறேன் என்றார். மூன்று பேராய்ப் போகக் கூடாது என்று சிவனம்மாள் தடுத்துவிட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, இரண்டு முழம் மல்லிகை. சிவனம்மாள் நல்ல சேலை கட்டியிருந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, “எங்க, பொண்ணு பாக்கவா?” என்று கேட்டாள். “ஆமா” என்றார் சிவனம்மாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

இந்தத் தடவை பேச்சை அவர்தான் ஆரம்பித்தார். தட்டை நடுவில் வைத்து, “வேலைக்கு ஒங்க வீட்டுப் பொண்ணக் கேட்டு வந்திருக்கோம்” என்றார். ஆண்டிச்சாமி முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

“சரிப்படாதுங்களே” என்றார். ஆனால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் சரிப்படாது? சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம்.”

“ஆடி மாசம் பொறந்துருச்சு. ஆடியில யாராச்சும் பிள்ளய வெளியூருக்கு அனுப்புவாகளா?”

உள்ளே இருந்து கருப்பம்மாள் குரல் வந்தது. “ஆடியில வெதைக்கிறீகள்ல?”

ஆண்டிச்சாமி அதைக் காதில் வாங்காததுபோல அடுத்ததுக்குப் போனார். “அந்த ஊருல யாரு இருக்கா எங்களுக்கு? ஒரு காய்ச்சல் மண்டவலின்னா யாரு பாப்பா?”

சண்முகவள்ளி சொன்னார். கோயம்புத்தூரில் மாயம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். அதே கல்லூரியில் இவருக்கு முன்னால் படித்தவர். நிலக்கோட்டைப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூரில் வாக்கப்பட்டு, ஆசிரியையாக இருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். தங்க வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, என் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

“அந்த வீட்ட நீங்க பாத்திருக்கீகளா?”

“இல்லங்கய்யா. பாக்கல.”

“பாக்காம எப்பிடி அனுப்புறது?”

“நானும் உங்க கூட வாரேன். போயிப் பாப்போம். உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா கையோட கூட்டிட்டு வந்துருவோம்.”

ஆண்டிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் வந்ததுதான் உண்மையான பேச்சு.

“அதெல்லாம் கெடக்கட்டும் தாயி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே.”

“அது நாஞ் சொல்லிக் குடுத்தது. அவ மேல தப்பு இல்லங்கய்யா.”

“ஏன் அப்பிடிச் சொல்லிக் குடுத்தீக?”

அந்தக் கேள்விக்குச் சண்முகவள்ளி மதுரைக் கதையைச் சொன்னார். தகப்பனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்ததையும், பஸ்ஸில் பேசாமல் வந்ததையும், சின்னாளபட்டியில் இறங்கிச் சொன்னதையும் சொன்னார். சிவனம்மாள் கையிலிருந்த மல்லிகையைச் சும்மா முழம் போட்டுக்கொண்டிருந்தார். புருஷன் அப்படிச் சொன்னது அவருக்கும் அன்றுதான் தெரியும்.

“அவர் அப்பிடியா கேட்டாரு?” என்றார் ஆண்டிச்சாமி.

“ஆமாங்கய்யா. சரின்னு சொல்லியிருந்தா வையவா போறேன்னு.”

செல்லக்கிளி நிலைப்படியில் நின்றிருந்தாள். ஆண்டிச்சாமி இத்தனை நாளுக்குப் பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்ற?”

எடுத்துக்கொடுக்கச் சண்முகவள்ளிக்கு நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இது அவர் சொல்லிக் கொடுக்க முடியாத பேட்டி.

“உங்க இஷ்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

“நான் போறேன்ப்பா. எனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு.”

“பிடிச்சிருக்குன்னு இப்பத்தான் சொல்ற.”

“நீங்க இப்பத்தானப்பா கேட்டீக.”

உள்ளே கருப்பம்மாள் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. ஆண்டிச்சாமி எழுந்தார். தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டார். “எல போடு கருப்பம்மா. வெஞ்சனம் என்ன வச்சிருக்க? வந்தவுக பசியோட இருப்பாக” என்றார். அதுதான் அவர் சொன்ன சரி.

மாதக் கடைசியில் ஆண்டிச்சாமி, செல்லக்கிளி, சண்முகவள்ளி மூன்று பேரும் கோயம்புத்தூர் போனார்கள். மூன்று பேராய்ப் போகக் கூடாதே என்று சிவனம்மாள் மகள் மடியில் ஒரு கல்லை வைத்துக் கட்டிவிட்டார், அது நாலாவது ஆளாம். ஆண்டிச்சாமி தகரப்பெட்டியை மகளிடம் கொடுக்கவே இல்லை, தலையில் வைத்துக்கொண்டே நடந்தார். மாயம்மாள் வீட்டில் கிணறு எங்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று எல்லாம் பார்த்தார். மாயம்மாளின் சின்ன மகள் வந்து செல்லக்கிளியின் சடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “சரி, இருக்கட்டும்” என்றார்.

வேலையில் சேர்ந்த அன்று பரிசோதனைக் கூடத்து வாசல்வரை வந்தார். மகள் உள்ளே போய் வெகுநேரம் கழித்தும் வேப்பமரத்தடியில் நின்றார். சண்முகவள்ளியும் பக்கத்தில் நின்றார். திரும்பும்போது பஸ் பழனி தாண்டியதும் ஆண்டிச்சாமி கேட்டார்:

“அடுத்து எந்த ஊருக்குப் பொண்ணு கேட்டுப் போறீக?”

“கீரனூருக்குங்கய்யா. ஞாயித்துக்கிழம வர்ற பிள்ள ஒண்ணு அங்க இருக்கு.”

“சொல்லுங்க. நானும் வாரேன்.”

வந்தார். கீரனூருக்கு அவர்கள் இரண்டு தடவை போனார்கள், மூன்று தடவை போனார்கள். அந்தத் தகப்பன் கடைசிவரை வேண்டாம் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்பதே அவர் மனசிலும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷமே கல்யாணமாகிவிட்டது. சண்முகவள்ளி அவளைப் பற்றிப் பேசும்போது இன்றும் கொஞ்சம் நிறுத்தித்தான் பேசுவார். எல்லா வீட்டிலும் நடந்துவிடும் என்று எழுதினால் பொய்.

ஆனால் அதற்கப்புறம் அவர் ஒன்றை மாற்றிக்கொண்டார். பேட்டிக்கு எழுதிப்போடும் முன்பே பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுகிறார். தாய் தகப்பனோடு உட்கார்ந்து, எந்த ஊர், என்ன வேலை, யார் வீட்டில் தங்குவது என்று பேசி முடிக்கிறார். வேலைகளைவிட இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பார். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் இருக்கிற பழைய மாணவியர் ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர், புதிதாக வருகிற பெண்ணுக்கு ஒரு பாய் விரித்துக் கொடுக்கிறார்கள். கல்லூரியிலும் இப்போது கூட்டத்தன்று காப்பிக்கு முன்னால் வேலை பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். செயலாளர் அம்மாளே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

செல்லக்கிளி லீவில் வரும்போது ஞாயிற்றுக்கிழமை நாகல் நகருக்கு வருகிறாள். அவள் சொல்லிக் கேட்டதைத்தான் பாதி இங்கே எழுதியிருக்கிறேன். மீதி கருப்பம்மாள் சொன்னது. சண்முகவள்ளி சொன்னது ரொம்பக் கொஞ்சம்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல்லூரியில் படித்துவிட்டு வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் படித்த இடத்தில், என்ன செய்வது என்று தெரியாமல் இந்த வருஷமும் சில பிள்ளைகள் நிற்பார்கள். பெண்ணை வேலைக்கு அனுப்ப யோசித்துக்கொண்டிருக்கிற ஒரு தகப்பனாரும் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். அவரிடமும் சொல்லுங்கள். அவர் இப்போது கேட்க நேரமில்லை என்றால், இன்னொரு நாள் போய்ச் சொல்லுங்கள்.